முதலில் சொல்ல வேண்டியது

அந்த ஆள் உயிரோடுதான் இருக்கிறார். இடது கையில் ஒரு பெரிய தழும்பு, மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நேற்றுக்கூட பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எதையும் சுற்றி வளைத்துக் கடைசியில்தான் சொல்வான் என்று எங்கள் ஊரில் பெயர் வாங்கியவன் நான். இன்றைக்கும் டீக்கடையில் நான் ஏதாவது பேச வாயெடுத்தால், "ஏலே, ஆளு இருக்காரா இல்லையான்னு மொதல்ல கேட்டுக்கங்கடா" என்று எவனாவது ஒருத்தன் குரல் விடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் வருவேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

எங்கள் ஊர் மாரியூருக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. தொண்ணூறுகளில் ஊரின் முதல் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்தை நான்தான் வைத்தேன். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், வெளியே எனக்கு ஒரு நாற்காலி. பூத் வைத்திருப்பவனுக்கு உள்ளபடி வேலை காத்திருப்பதுதான். யாராவது பேச வரவேண்டும், அல்லது வெளியூரிலிருந்து யாராவது கூப்பிட வேண்டும். நடுவில் கிடக்கும் நேரத்துக்கு ரேடியோ இருந்தது. சிற்றலையில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சீனாவிலிருந்து தமிழ் ஒலிபரப்பு வரும். சீனாக்காரப் பெண்கள் தமிழில் செய்தி வாசிப்பார்கள். நிகழ்ச்சியின் கடைசியில் கொஞ்ச நேரம் சீன மொழிப் பாடம் நடத்துவார்கள். கடிதம் போட்டால் பாடப் புத்தகம் இலவசமாக வந்துவிடும்.

அப்படித்தான் நான் சீனம் படிக்க ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு அறிவு வளரும், உலகம் தெரியும் என்றெல்லாம் பதில் சொன்னேன். எல்லாம் பொய். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன் நான். பள்ளிக்கூடத்துக்குப் போன எந்தப் பொடியனும் என் இங்கிலீஷில் பிழை பிடித்துவிடுவான். சீனத்தில் பிழை பிடிக்க சாயல்குடி முதல் ராமநாதபுரம் வரை ஒரு ஆள் கிடையாது. அந்தச் சுகத்துக்காகப் படித்தேன். என் மனைவி மட்டும், "பெத்த பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க ஏலாது, இவுக சீனாக்காரனுக்குச் சொந்தக்காரராகப் போறாக" என்று சட்டியைக் கழுவிக்கொண்டே சொல்வாள்.

வார்த்தைகள் எனக்குச் சீக்கிரம் படிந்தன. எழுத்தும் ஓரளவு கைக்கு வந்தது. முகவரி எழுதுவதில்கூட நாட்டில் தொடங்கி மாநிலம், ஊர், தெரு, கடைசியில் ஆள் என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு வருவார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. காரணத்தை முன்னால் சொல்லி விளைவைப் பின்னால் சொல்வதும் நமக்குப் பழக்கமானதுதான். நாமும் "மழை பெய்ஞ்சதால வரல" என்றுதானே சொல்கிறோம். அட, நம்ம மொழி மாதிரித்தான் இருக்கிறது, சும்மா வார்த்தையை மாற்றிப் போட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பில் ஒரு பயிற்சிக் கட்டுரை எழுதி அந்த வானொலிக்கு அனுப்பினேன். நடந்த ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு கூரை வீடு தீப்பிடித்த கதையை எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? அன்றைக்குக் காலையில் வாடைக்காற்று அடித்தது, பிறகு நான் பல் துலக்கினேன், பிறகு டீ குடித்தேன், பிறகு அந்த வீட்டுக்காரர் எனக்கு என்ன முறை, அவர் எவ்வளவு நல்லவர், பிறகு அவர் கடலுக்குப் போனார், பிறகு வெயில் ஏறியது, பிறகு, பிறகு. சீனத்தில் "பிறகு" என்பதற்கு "ரான்ஹோவ்" என்று ஒரு சொல் உண்டு. நம் தமிழில் செஞ்சுட்டு, போயிட்டு, வந்துட்டு என்று ஒரே மூச்சில் எத்தனை காரியத்தையும் கோத்துக்கொண்டு போகலாமே, அந்த வழி சீனத்தில் கிடைக்காமல் இரண்டு சொல்லுக்கு ஒரு ரான்ஹோவ் போட்டு ஒட்டியிருந்தேன். வீடு எரிந்தது என்பது கடைசி வரியில் வந்தது.

அங்கிருந்து திருத்தி அனுப்பிய சீனப் பெண்மணி தமிழில் பதில் எழுதியிருந்தார். "உங்கள் கட்டுரை கிடைத்தது. எழுத்துப் பிழை குறைவு. ஆனால் தீ எங்கே என்று தேடினேன். கடைசி வரியில் கண்டேன். அதற்குள் வீடு முழுவதும் எரிந்துவிட்டது. எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் வைத்துவிடுங்கள். அதன்பின் அதைப் பற்றிச் சொல்லுங்கள். 'பிறகு' என்பதைப் பாதியாகக் குறையுங்கள்." அவ்வளவுதான் கடிதம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நலமா என்று ஒரு வார்த்தை கிடையாது, மழை உண்டா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று ஒரு விசாரிப்பு கிடையாது. தந்தி அடிக்கிற மாதிரித் தமிழ் எழுதுகிறவள் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாளே என்று மனைவியிடம் பொருமினேன். கடிதத்தை மடித்து வைத்தேன். பாதியாகக் குறைக்கவில்லை.

இதற்கு இடையில் பூத்தினால் எனக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருந்தது. ஊரில் பாதி ஆண்கள் வெளியே இருந்தார்கள். துபாய், சவூதி, பம்பாய், கொச்சி என்று எங்கே என்ன நடந்தாலும் சேதி முதலில் என் போனுக்குத்தான் வரும். நல்ல சேதி என்றால் அந்தந்த வீட்டுக்காரர்களைக் கூட்டி வரச் சொல்லிப் பேச வைத்துவிடுவேன். துஷ்டி சேதி என்றால் நானே போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவை யாரும் நேராகச் சொல்வதில்லை. வீட்டுக்குப் போய், உட்காரச் சொல்லி, சாப்பிட்டாச்சா என்று கேட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, "போன் வந்துச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல, கொஞ்சம் மேலுக்குச் சொகமில்லையாம்" என்று தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்க வேண்டும். கேட்கிறவர்கள் மனசு தானாகவே முடிவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாம் அந்த வார்த்தையைச் சொல்லவே வேண்டியிராது. இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். பெரியவர்களே, "நீ போய்ச் சொல்லுப்பா, நீ பக்குவமாச் சொல்லுவே" என்று என்னை அனுப்புவார்கள். எனக்கு அதிலும் ஒரு பெருமை இருந்தது.

பூத்துக்குப் பின்னால் இரண்டாவது வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னை அண்ணே என்பாள், நான் அவளைத் தாயி என்பேன். அவள் புருஷன் சென்னை ஏஜென்ட் ஒருவன் மூலமாகத் தைவான்காரர்களின் மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். மாதத்துக்கு ஒருமுறை எங்காவது ஒரு துறைமுகத்திலிருந்து என் பூத்துக்குப் போன் போடுவான். திடீரென்று போன் வருவது நின்றுவிட்டது. அதே கம்பெனியின் வேறொரு கப்பலில் இருந்த பக்கத்து ஊர்க்காரன் லீவில் வந்தவன், பெரிய புயலில் அந்தக் கப்பலுக்கு அடி விழுந்ததாகவும் அது வர வேண்டிய துறைமுகத்துக்கு வந்து சேரவில்லை என்றும் சொல்லிவிட்டான். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. கம்பெனி நம்பர் மட்டும் அவளிடம் இருந்தது. தபால்காரர் இங்கிலீஷில் பேசிப் பார்த்தார். அந்தப் பக்கத்து ஆளுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. சீனத்திலேயே பொரிந்து தள்ளிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். "அண்ணே, நீங்கதான் சீனம் பேசுவீகளே. அவுக இருக்காகளா இல்லையான்னு கேட்டுச் சொல்லுங்க. அது ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்றாள். அவ்வளவு சுருக்கமாகத்தான் சொன்னாள். எனக்கு அப்போதே உடம்பு பூரித்துவிட்டது. அதுவரை நான் ஒரு சீனக்காரரோடும் வாய் திறந்து பேசியதில்லை. ரேடியோ பேசும், நான் திரும்பச் சொல்வேன், அவ்வளவுதான் என் சீனம். அதைச் சொல்லாமல், "இன்னைக்கு வேணாம் தாயி, நாளைக்குக் காலையில பேசுவோம். முறையாப் பேசணும்" என்றேன்.

முறையாகப் பேசுவதற்காக அன்று ராத்திரி முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, வணக்கம், உங்கள் உடல்நலம் எப்படி, உங்கள் ஊரில் பருவநிலை எப்படி. நான் இந்தியாவின் தெற்கே கடலோரத்தில் வசிக்கிறேன். நான் வானொலி மூலம் சீனம் படிக்கிறேன். என் உச்சரிப்பில் பிழை இருந்தால் மன்னிக்கவும். பிறகு எங்கள் ஊர், பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் கடலை நம்பி வாழ்வது, பிறகு அந்த ஆள் வேலைக்குப் போனது, பிறகு புயல். இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி கடைசி வரியில் இருந்தது. அப்படிப்பட்ட கேள்வியை எடுத்த எடுப்பில் கேட்க முடியுமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. ஒருத்தி தன் வீட்டில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும்போது நான் ரான்ஹோவ் போட்டு வாக்கியம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பூத் முன்னால் ஊரே நின்றது. அவளைக் கூண்டுக்குள் நிற்க வைத்து, நான் ஸ்டூலில் உட்கார்ந்து நம்பரை அழுத்தினேன். ஒரு ஆண்குரல் எடுத்தது. நான் வாசிக்க ஆரம்பித்தேன். உடல்நலம் முடியும்போது அவர் "ஷென்மே ஷ்?" என்றார். என்ன விஷயம் என்று அர்த்தம். நான் பருவநிலைக்குப் போனேன். மறுபடியும் என்ன விஷயம் என்றார். நான் வானொலிக்கு வந்தேன். மூன்றாம் முறை கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். எந்த வரியில் இருந்தேன் என்பது மறந்துபோய், "ரான்ஹோவ், ரான்ஹோவ்" என்று இழுத்தேன். அவர் வைத்துவிட்டார்.

கதவுக்கு வெளியே எல்லா முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "லைன் கட்டாயிருச்சு" என்றேன். மறுபடியும் போட்டேன். அதே குரல். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் புரியாதே என்று மறுபடியும் வணக்கத்திலிருந்து தொடங்கினேன். இந்த முறை வானொலி வரைக்கும்கூடப் போகவிடவில்லை. ஒரு பெருமூச்சு கேட்டது, வைத்துவிட்டார். வெளியே யாரோ, "சீனம் தெரியுமா இவனுக்கு?" என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. காது மடல் சுட்டது. தாளை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை நான் நம்பர் போட்டதும் அவள் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்ப்பார்கள், அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவள் ரிசீவரை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு புருஷன் பெயரைச் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, அவன் அப்பா பெயரோடு சேர்த்து மறுபடியும் சொன்னாள். வெளியே பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அந்தப் பக்கத்து ஆள் அதே பெயரைத் தட்டுத் தடுமாறித் திருப்பிச் சொன்னார். தாள் புரளும் சத்தம் கேட்டது. திரும்ப வந்து அவர் ஏதோ பேச ஆரம்பித்ததும் அவள் ரிசீவரை என் காதில் வைத்தாள்.

"ரென் மெய் ஷ்" என்றார் அவர். ஆளுக்கு ஒன்றுமில்லை. கையில் அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அடுத்த மாதம் ஊருக்கு அனுப்புகிறோம். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன வாக்கியம். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, அவுக இருக்காகளா?"

இருக்காரு என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது என்றால், கையில் அடி என்பதை இவள் எப்படித் தாங்குவாள், பக்குவமாகச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. இரண்டு முறை அசிங்கப்பட்டவன், இதையாவது கெட்டிக்காரத்தனமாகச் செய்வோம் என்றும் தோன்றியிருக்கும். ஸ்டூலை விட்டு எழுந்து அவளுக்கு இடம் விட்டேன்.

"மொதல்ல உக்காரு தாயி" என்றேன். "சாப்பிட்டியா?"

அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. இரண்டு கையையும் போன் வைத்த பலகையின் விளிம்பில் ஓங்கி ஓங்கி அடித்தாள். கண்ணாடி வளையல் நொறுங்கித் தெறித்தது, மணிக்கட்டில் ரத்தம் வந்தது. வெளியே நின்ற பெண்கள் அதைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். நான் கதவைத் திறந்துகொண்டு கத்தினேன். "ஆளுக்கு ஒண்ணுமில்ல! கையில அடி, அம்புட்டுத்தான்! ஆஸ்பத்திரியில இருக்காரு!"

கத்தும்போதே எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு சாவுக்கும் நான் சொல்லி வந்த வார்த்தைகள் இவைதான். ஒரு பெரியவர் வந்து என் தோளைத் தட்டினார். "சரிப்பா, விடு. அழுது தீக்கட்டும். நீ பக்குவமாத்தான் சொன்னே. பாடி எப்ப வருதாம்?" என்று கேட்டார்.

நான் மறுபடியும் உள்ளே போய் நம்பரைப் போட்டேன். அதே ஆள். அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் போன் செய்ய வேண்டும், வீட்டில் அழுகிறார்கள், இதுதான் நம்பர் என்றேன். ஒரு வணக்கம் கிடையாது, ஒரு ரான்ஹோவ் கிடையாது. நாளைக் காலையில் அவரையே பேசச் சொல்கிறேன் என்றார். நான் வாழ்நாளில் பேசிய நல்ல சீனம் அதுதான். அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அவளை வீட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்விட்டிருந்தார்கள்.

அன்று அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. உள்ளூரிலும் வெளியூரிலும் இருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. பிள்ளைகள் மேல் சத்தியமாக உன் புருஷன் இருக்கிறார், நாளைக்குப் பேசுவார் என்று சொன்னேன். அவள் அழுது ஓய்ந்த குரலில் கேட்டாள்.

"உண்மையா இருந்தா ஏண்ணே சாப்பிட்டியான்னு கேட்டீக?"

ஊரில் எத்தனையோ வாசலில் நின்று எத்தனையோ பக்குவமாகப் பேசிய வாய் இது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த ஒரு கிழவி, "பாவம், அவனும் ஆறுதலுக்குச் சொல்றான்" என்று எனக்கே பரிந்து பேசினாள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரையும் பேச விடவில்லை. வெயில் ஏறிய பிறகு மணி அடித்தது. எடுத்தேன். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல். "இரு, இரு, வச்சிராத" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் அவளைக் கூட்டி வந்தேன். பின்னாலேயே வீட்டில் இருந்த கூட்டமும் வந்தது. இனி என் வாய்ச் சொல்லை யாரும் நம்ப வேண்டாம் என்று ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினேன்.

அவள் போனுக்கு முன்னால் நின்றாள். "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் கேட்டது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"சாப்பிட்டியா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முந்தின நாள் காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"ம், சாப்பிட்டேன்" என்றாள். நான் பலகைக்கு அடியில் கிடந்த வளையல் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.